வெட்டி எடுத்த பதினான்கு செக்கன்

சல்லிக் கிராமத்தில் தயாளினியைத் தெரியாதவர்கள் இல்லை. ஆனால் 'துறைமுக எலி' என்பது அவள்தான் என்று ஊரில் ஒருவருக்கும் தெரியாது.

காலை எட்டு மணிக்கு ஸ்கூட்டியில் திருகோணமலை நகரத்துக்குப் போவாள். உட்துறைமுக வீதியில் ஒரு கிளியரிங் ஏஜென்சியில் அவளுக்கு வேலை. கோதுமையும் சீமெந்துக் கிளிங்கரும் ஏற்றிவரும் கப்பல்களுக்குரிய பத்திரங்களைத் தட்டச்சுச் செய்வாள். முப்பத்திரண்டு வயது. கல்யாணப் பேச்சு இரண்டு தடவை வந்து இரண்டு தடவையும் நின்றுபோனது. அதைப்பற்றி அவளுக்குப் பெரிய கவலை இருந்ததாகத் தெரியவில்லை. வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால் தேத்தண்ணீரைக் குடித்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு கம்பியூட்டருக்கு முன்னால் இருப்பாள். ஐந்து பேருக்கு எதிராக ஐந்து பேர் சுட்டு விளையாடும் ஒரு விளையாட்டு. கட்டாருக்குப் போன அண்ணன் விட்டுச்சென்ற பழைய கம்பியூட்டரில் பத்தொன்பது வயதில் தொடங்கியது, பிறகு விடவே இல்லை. விளையாடும்போது மைக்கைப் போடுவதில்லை. பெண்குரல் கேட்டால் எதிர்ப்பக்கத்தில் இருப்பவர்கள் விளையாட்டை விட்டுவிட்டு வேறு கதை தொடங்கிவிடுவார்கள் என்பதை அவள் முதல் மாதத்திலேயே கண்டுகொண்டாள்.

இந்த விளையாட்டுக்கு மவுஸ் எவ்வளவு முக்கியமோ, அதற்குக் கீழே விரிக்கிற 'பேட்' என்ற துணியும் அவ்வளவு முக்கியம். துணி இழுத்தால் கை பிந்தும். துணி வழுக்கினால் குறி தப்பும். எந்தப் பேட் நல்லது என்று தமிழில் சொல்வதற்கு ஒருவரும் இல்லாததைப் பார்த்து, தானே வாங்கிப் பாவித்துப் பார்த்து, இணையத்தில் ஒரு பக்கம் திறந்து வீடியோவில் சொல்லத் தொடங்கினாள். வீடியோவில் அவளுடைய இரண்டு கைகளும் மேசையும்தான் தெரியும். குரலைக் கொஞ்சம் தடிப்பாக்கிவிடுவாள். மவுஸ்தானே எலி, அதனால் பக்கத்துக்குத் 'துறைமுக எலி' என்று பெயர் வைத்தாள். நான்கு வருடத்தில் பதினெட்டாயிரம் பேர் சேர்ந்திருந்தார்கள்.

அவளுடைய சோதனைகள் கடுமையானவை என்று பெயர். ஒரு பலகையில் பேட்டை விரித்து, மேலே மவுஸை வைத்து, பலகையின் ஒரு பக்கத்துக்குக் கீழே பள்ளிக்கூடக் காலத்துப் பழைய அப்பியாசக் கொப்பிகளை ஒவ்வொன்றாய்ச் செருகுவாள். எத்தனையாவது கொப்பியில் மவுஸ் வழுக்கி இறங்குகிறதோ அதுதான் கணக்கு. கொப்பி கூடினால் துணி இழுக்கிறது என்று அர்த்தம். பிறகு விளிம்புத் தையலை நகத்தால் கிளறுவாள். சுருட்டி வைத்துவிட்டு விரிப்பாள். மூக்கருகில் பிடித்து மணந்து பார்ப்பாள். கடைசியில் இரண்டு கிழமை, பதினான்கு நாளும், அதில் விளையாடுவாள். "ரெண்டு கிழமை பாவிக்காமல் நான் வாய் திறக்கிறேல்லை" என்பது ஒவ்வொரு வீடியோவின் தொடக்கத்திலும் வரும்.

இரண்டு வருடத்துக்கு முந்திய மார்கழி மாதம், சாமான் அனுப்பக் கேட்பவர்களுக்கு அவள் கொடுக்கும் அலுவலக முகவரிக்கு ஒரு பேட் வந்தது. அனுப்பியவர் கிண்ணியாவில் இருந்து நிப்றாஸ் என்று உறையில் எழுதியிருந்தது. கறுப்புத் துணி, அடியில் றப்பர், சுற்றிவர நீல நூலில் தையல். ஒரு மூலையில் சின்னத் துணித் துண்டில் 'மின்ஹா' என்று பின்னியிருந்தது. கூடவே ஒரு கடதாசி: "நாங்களே செய்தது. உங்கட கருத்தச் சொல்லுங்க." எங்கேயோ இறக்குமதி செய்து பெயரை ஒட்டிய சாமான் என்றுதான் அவள் நினைத்தாள். கொழும்பில் அப்படிச் செய்பவர்களை அவளுக்குத் தெரியும்.

அந்தக் கிழமை முழுவதும் வாடைக்காற்றும் மழையும். பேட் செவ்வாய்க்கிழமை வந்தது. புதனும் வியாழனும் சிறிது நேரம் விளையாடிப் பார்த்தாள். கை இழுத்தது. வெள்ளிக்கிழமை மின்சாரம் நின்றுபோனது. சனிக்கிழமை பின்னேரம் வீடியோ எடுக்க உட்கார்ந்தாள். பக்கத்தில் புதிதாக எதுவும் போட்டு ஒரு மாதமாகியிருந்தது. ஆட்கள் எங்கே எலி என்று கேட்டுக் களைத்துப்போய்க் கேட்பதையே நிறுத்தியிருந்தார்கள். அந்த அமைதி அவளை அரித்துக்கொண்டிருந்தது.

பதின்மூன்றாவது கொப்பிக்குத்தான் மின்ஹா பேட்டில் மவுஸ் அசைந்தது. பதின்மூன்று மிக மோசம். அப்போது குசினிப் பக்கத்தில் இருந்து அம்மா பாக்கியரத்தினத்தின் குரல் கேட்டது.

"தயா, அந்தக் கருவாட்டுத் தட்டை உள்ளுக்கு எடுத்து வையடி. நாலு நாளாய்க் காயுதே இல்லை. அறைக்குள்ளையே வச்சாலும் ஈரம் பிடிக்குது."

தயாளினி எழுந்து போய்த் தட்டை எடுத்து வைத்துவிட்டு வந்தாள். திரும்பி வந்து இருந்தபோது ஏதோ தோன்றியது. தன்னுடைய பழைய பேட்டை எடுத்துப் பலகையில் விரித்தாள். மற்ற நாட்களில் ஒன்பது கொப்பிக்கு வழுக்குகிற பேட் அது. அன்றைக்குப் பன்னிரண்டு வேண்டியிருந்தது. கமெரா ஓடிக்கொண்டிருந்தபடியால் அதைப் பார்த்தே சொன்னாள்:

"என்ரை பழையதும் இண்டைக்குப் பன்னிரண்டுக்குத்தான் அசையுது. மழை ஈரமாய் இருக்கும் போலை. அப்பிடியெண்டால் இதிலை பிழை சொல்ல ஏலாது. வெயில் வந்த பிறகு ஒருக்கால் பாக்க வேணும்."

சொல்லிவிட்டுக் கமெராவை நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. மின்ஹா பேட்டின் விளிம்பைக் கிளறினாள். வலது மேல் மூலையில் நீல நூல் ஒன்று கிளம்பி வந்தது. அதைப் பிடித்துக் கமெராவுக்குக் காட்டியபோது வாயில் தானாக வந்தது அந்த வசனம்.

"இதை மேசையிலை வைக்காதேங்கோ. வாசலிலை போடுங்கோ. கால் துடைக்க நல்ல சாமான்."

சொன்னதும் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பும் பதிவானது.

மறுநாள் வீடியோவை வெட்டி ஒட்டும்போது பழைய பேட்டைப் பற்றிச் சொன்ன இடம் வந்தது. பதினான்கு செக்கன். அது இருந்தால் கால் துடைக்கிற பகிடி எடுபடாது. ஈரத்தில் எல்லாப் பேட்டும் இழுக்கும் என்று சொல்லிவிட்டு ஒன்றை மட்டும் வாசலில் போடச் சொல்ல முடியாதே. கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு அந்தப் பதினான்கு செக்கனை வெட்டி எடுத்தாள். தொடக்கத்தில் வழக்கமாகப் போடுகிற "ரெண்டு கிழமை பாவிக்காமல்" என்ற வசனத்தை எடுக்கவில்லை. அது ஒவ்வொரு வீடியோவிலும் இருப்பது, தானாகவே ஒட்டிக்கொண்டது என்று பிற்காலத்தில் தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். அது பொய் என்று அவளுக்குத் தெரியும்.

அவள் போட்ட எந்த வீடியோவும் அந்த அளவுக்கு ஓடியதில்லை. மூன்று நாளில் இரண்டு இலட்சம் பேர் பார்த்தார்கள். யாரோ கால் துடைக்கிற இடத்தை மட்டும் வெட்டித் தனியாகப் போட்டார்கள். மட்டக்களப்பில் ஒரு பொடியன் குளித்துவிட்டு வந்து துவாயில் காலைத் துடைத்துக்கொண்டு அவளுடைய குரலுக்கு வாயசைத்தான். கொமென்ட்டில் ஒருவர் 'மின்ஹாவிலை காலைத் துடைச்சாச்சு' என்று எழுதினார். அதையே ஆயிரம் பேர் திருப்பித் திருப்பி எழுதினார்கள். அலுவலகத்தில் சுங்கத்துக்குப் போய்வருகிற ஆள்கூட வாசலில் செருப்பைத் தேய்த்தபடி, "மின்ஹாவிலை துடைக்கிறன் தங்கச்சி" என்று சொன்னான். பேசியது யார் என்று அவனுக்குத் தெரியாது. தயாளினி சிரித்தாள். அந்தக் கிழமை அவள் நல்ல சந்தோசமாக இருந்தாள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

அலுவலகத்தில் அவளுடைய இரகசியம் தெரிந்த ஒரே ஆள் ஜுமானா. பக்கத்து மேசை. கிண்ணியாவில் இருந்து பஸ்ஸில் வருகிறவள், அண்ணனை நானா என்றும் அக்காவை ராத்தா என்றும் சொல்கிறவள். ஒரு திங்கட்கிழமை, சாப்பாட்டு நேரத்தில், சோற்றுப் பெட்டியைத் திறக்காமலே ஜுமானா கதையைத் தொடங்கினாள்.

"தயா, ஒண்டு கேக்கணும். அந்தப் பேட்ட செஞ்சது ஆரெண்டு தெரியுமா ஒங்களுக்கு?"

"கிண்ணியாவிலை ஆரோ நிப்றாஸ். ஏன்?"

"நிப்றாஸ் நானா பேஜ் நடத்தினது. தைச்சது அவர்ட வைஃப், சுஹைரா ராத்தா. வீடு குறிஞ்சாக்கேணி. எனக்கு அபாயா தைக்கிறது அவதான். எங்கட மாமிட வீட்டுக்குப் பின்னால."

"வீட்டிலையா தைக்கிறவ?"

"வீட்டுலதான். ஒரு ஓவர்லொக் மெஷின் இரிக்கி. நானாதான் இந்த ஐடியாவக் குடுத்தார். அவர் பள்ளிக்கூடத்துல கம்பியூட்டர் லெப்ல வேல. நல்லாத்தான் ஓடிச்சாம், கம்பஸ்ல படிக்கிற புள்ளையளெல்லாம் ஓடர் குடுத்தாங்களாம். இப்ப நானா பேஜையே அழிச்சிட்டார்."

"என்ரை வீடியோவாலையோ?"

ஜுமானா சோற்றுப் பெட்டியைத் தள்ளிவைத்தாள். "நானும் அத ரெண்டு குரூப்புக்கு அனுப்பின நான்தான். ஆர்ட சாமான் எண்டு தெரியாமச் சிரிச்சன்" என்று மட்டும் சொன்னாள்.

அன்று பின்னேரம் வீட்டுக்குப் போனதும் தயாளினி முதலில் செய்தது, வெட்டிய துண்டு இன்னும் கம்பியூட்டரில் இருக்கிறதா என்று பார்த்தது. இருந்தது. அழித்துவிட்டால் நல்லது என்ற எண்ணம் ஒரு கணம் வந்தது. அழிக்கவில்லை. போட்டுக் கேட்கவும் துணிவு வரவில்லை.

தை மாதக் கடைசியில் வெயில் எறித்தது. சல்லிக் கரையெல்லாம் கருவாடு விரித்தார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் அறையின் யன்னல்களைத் திறந்துவிட்டு, மின்ஹா பேட்டை ஒரு மணித்தியாலம் காயவைத்து, பலகையில் விரித்தாள். கொப்பிகளைச் செருகினாள். ஒன்பதாவது கொப்பியில் மவுஸ் வழுக்கியது. மீண்டும் வைத்துப் பார்த்தாள். ஒன்பது. அவளுடைய பழைய பேட்டும் ஒன்பது. பிறகு மூன்று மணித்தியாலம் விளையாடினாள். கை போன இடத்துக்குக் குறி போனது. அவள் வைத்திருந்த வெளிநாட்டுப் பேட்டுகளில் இரண்டைவிட இது திறம். மூலையில் நூல் கிளம்பியது மட்டும் உண்மை. மற்றதெல்லாம் மழை.

தான் சொன்னது பிழை என்று நிச்சயமாய்த் தெரிந்த பிறகும் அவள் ஒன்றும் செய்யவில்லை. கப்பல் வேலை கூடுதல் என்றாள். அடுத்த மாதம் என்றாள். புதிதாக வந்த ஒரு விசைப்பலகையைப் பற்றி வீடியோ எடுக்கத் தொடங்கினாள். "ரெண்டு கிழமை பாவிக்காமல்" என்று சொல்லும் இடத்தில் நாக்குப் புரளவில்லை. நான்கு தடவை எடுத்துப் பார்த்துவிட்டுக் கமெராவை மூடினாள். அம்மா வைத்த குழம்பு பிடிக்கவில்லை. "சுகமில்லையே?" என்று அம்மா கேட்டதற்கு "இல்லை, நல்லாய்த்தான் இருக்கிறன்" என்று எரிந்து விழுந்தாள். இதெல்லாம் ஒரு துணித் துண்டுக்காக என்று நினைக்கும்போது வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தை ஒரு சாட்டாகப் பிடித்துக்கொண்டு இன்னும் பத்து நாள் கடத்தினாள்.

மாசியில் ஒருநாள் ஜுமானாவிடம் கேட்டாள். "என்னை அந்த அக்காட்டைக் கூட்டிக்கொண்டு போவீரே?"

"என்னத்துக்கு? மன்னிப்புக் கேக்கவா?"

"தெரியேல்லை. போகாமல் இருக்க ஏலாமல் கிடக்கு."

சனிக்கிழமை பின்னேரம் இரண்டு பேரும் ஸ்கூட்டியில் போனார்கள். கிண்ணியாப் பாலத்தில் காற்று ஸ்கூட்டியைத் தள்ளியது. வழி முழுவதும் தயாளினி சொல்லவேண்டியதை மனதுக்குள் ஒழுங்குபடுத்திக்கொண்டே வந்தாள். அவர்கள் ஏசினால் கேட்டுக்கொண்டு நிற்பது என்று முடிவு செய்திருந்தாள். ஏச்சு வாங்கினால் பாரம் குறையும் என்று ஒரு நினைப்பும் இருந்தது.

சுஹைராவுக்கு நாற்பது வயதிருக்கும். முன்விறாந்தையில் மெஷினுக்கு முன்னால் இருந்தபடி, வாயில் ஊசியோடு, கையால் இருக்கச் சொன்னாள். நிப்றாஸ் வீட்டில் இல்லை. சுவரோரமாகக் கறுப்புப் பேட்டுகள் பொலித்தீன் உறையில் சுற்றி அடுக்கியிருந்தன. அவற்றின்மேல் வெட்டிய பள்ளிச் சீருடைத் துணி கிடந்தது. நிலத்தில் ஆறேழு வயதுச் சிறுமி ஒருத்தி படுத்துக்கொண்டு படத்துக்கு வர்ணம் தீட்டினாள்.

"இவ தயாளினி. என்னோட வேல செய்றவ" என்றாள் ஜுமானா.

"உடுப்புத் தைக்கவா?"

"இல்லை அக்கா. இந்த மவுஸ் பேட் விசயமாய் வந்தனான்."

சுஹைராவின் முகம் மலர்ந்துவிட்டது. வாயிலிருந்த ஊசியை எடுத்துத் துணியில் குத்தினாள். "வாங்கவா? எத்தின வேணும்? இப்ப ஓடர் இல்ல எண்டு மெஷின்ல நூல மாத்திட்டன். சீசன் இல்லயாம், கம்பஸ் திறந்த பிறகு ஓடுமாம் எண்டு இவர் சொன்னார். இரிங்க, எடுத்துக் காட்டுறன்... மின்ஹா, கால எடுங்க புள்ள, உம்மா போகணும்."

சிறுமி காலை மடக்கினாள்.

தயாளினி ஜுமானாவைப் பார்த்தாள். ஜுமானா தலையைக் குனிந்துகொண்டாள். பேட்டில் பின்னியிருந்த பெயர் இந்தப் பிள்ளையுடையது என்று அவளுக்குத் தெரியும். சொல்ல வாய் வராமல்தான் இத்தனை நாளும் சொல்லாமல் இருந்திருக்கிறாள்.

சுஹைராவுக்கு ஒன்றுமே தெரியாது என்பது தயாளினிக்கு அப்போதுதான் விளங்கியது. நிப்றாஸ் மறைத்திருக்கிறார். பேஜை அழித்துவிட்டு, சீசன் இல்லை என்று ஒரு கதையைச் சொல்லி, மனைவியின் காதில் அந்தப் பகிடி விழாமல் பார்த்துக்கொண்டிருக்கிறார். எழும்பிப் போய்விடலாம். இரண்டு பேட்டை வாங்கிக்கொண்டு, நல்லாயிருக்கு அக்கா என்று சொல்லிவிட்டு, பாலத்தைக் கடந்து போய்விடலாம். அப்படிச் செய்திருந்தால் சுஹைராவுக்கு நல்லதாக இருந்திருக்குமோ என்று தயாளினி இன்றுவரை யோசிக்கிறாள். ஆனால் அந்த நேரத்தில் நெஞ்சில் இருந்ததை இறக்கிவைத்தால் போதும் என்றிருந்தது அவளுக்கு.

"அக்கா, ஓடர் நிண்டது சீசனாலை இல்லை. என்னாலை."

எல்லாவற்றையும் சொன்னாள். மழையை, கொப்பிகளை, வெட்டிய துண்டை. சுஹைராவுக்குப் பாதிதான் விளங்கியது. "அந்த வீடியோவப் போடுங்க, பாப்பம்" என்றாள்.

"வேண்டாம் அக்கா."

"போடுங்க."

போனில் போட்டுக் கொடுத்தாள். சுஹைரா இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஆறு நிமிடத்தையும் ஒரு இடம் தவறாமல் பார்த்தாள். கொப்பிகள் ஏறின. நூல் கிளம்பியது. கால் துடைக்கிற வசனம் வந்தது, பிறகு சிரிப்பு. போனுக்குள் இருந்து தடித்த குரல் மின்ஹா, மின்ஹா என்று சொல்லிக்கொண்டிருந்தது. நிலத்தில் கிடந்த சிறுமி தலையைத் தூக்கினாள்.

"உம்மா, என்ட பேரச் சொல்றாங்க!"

"ஓம் புள்ள. நீங்க கீறுங்க."

வீடியோ முடிந்ததும் சுஹைரா கீழே இறக்கிக் கொமென்ட்டுகளையும் படித்தாள். தயாளினியால் தடுக்க முடியவில்லை. சுஹைராவின் உதடுகள் எழுத்துக்கூட்டுவதுபோல அசைந்தன. போனைத் திருப்பிக் கொடுத்தபோது அவள் முகத்தில் கோபம் இல்லை. களைப்புத்தான் இருந்தது.

"அந்த மூல. நூல் கிளம்பினது மெய்தானே?"

"ஓம் அக்கா. அது மட்டும் மெய்."

"திரும்புற எடத்துல நூல வெட்டிப் போட்டுத் தொடங்கின நான். வெட்டாம வளைச்சுத் தைச்சிரிக்கணும்." பேட் அடுக்கைத் திரும்பிப் பார்த்தாள். "மழ ஒங்கட குத்தமில்ல. மூல என்ட குத்தம். மத்தது... அந்த வெட்டின கதைக்கு நான் என்ன சொல்ற? நீங்கதான் சொல்லணும்."

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்றாள் தயாளினி. அழுதால் இவள் தன்னைத் தேற்றவேண்டி வரும் என்று நினைத்து அடக்கிக்கொண்டாள்.

சுஹைரா எழும்பிக் குசினிக்குப் போனாள். தேத்தண்ணீர் ஊற்றிக் கொண்டுவந்து வைத்தாள். விஸ்கோத்தும் வைத்தாள். அவர்கள் எழும்பும்போது வாசல்வரை வந்து குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "உண்மைய நீங்க ஒங்கட பேஜ்ல போடணும். அது சரி. ஆனா இங்க வந்தத ஆருக்கும் சொல்லாதீங்க. நான் பாத்தது இவருக்குத் தெரிய வேணா. என்ட மனசு நோகும் எண்டு ஒளிச்சிரிக்கார் மனிசன். அவர் பட்டது வீணாப் போயிடும்."

தயாளினி தலையாட்டினாள். ஏச்சு வாங்கப் போனவள், இன்னொரு வீட்டின் இரகசியத்தைத் தூக்கிக்கொண்டு பாலத்தைக் கடந்தாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை புதிய வீடியோ வந்தது. அதில் குரலைத் தடிப்பாக்கவில்லை. வெட்டிய துண்டை முழுதாகப் போட்டாள். இரண்டு நாள் மட்டும் பாவித்துவிட்டு இரண்டு கிழமை என்று சொன்னதை ஒத்துக்கொண்டாள். வெயிலில் ஒன்பதாவது கொப்பியில் மவுஸ் இறங்குவதை மூன்று தடவை காட்டினாள். மூலையில் நூல் கிளம்பும் என்பதையும் மறைக்கவில்லை. செய்தவர்களின் பெயரையோ ஊரையோ சொல்லவில்லை.

ஒன்பதாயிரம் பேர் பார்த்தார்கள். முதல் வீடியோவைப் பார்த்த இரண்டு இலட்சம் பேரில் மற்றவர்களுக்கு அது போய்ச் சேரவே இல்லை. பார்த்தவர்களிலும் பாதிப்பேர் பெண்குரலைப் பற்றித்தான் எழுதினார்கள். சிலர், என்ன கிடைத்ததென்று இப்போது மாற்றிக் கதைக்கிறாய் என்று கேட்டார்கள். எண்ணூறு பேர் பக்கத்தை விட்டுப் போனார்கள். கால் துடைக்கிற துண்டு அதன்பாட்டில் ஓடிக்கொண்டிருந்தது. அந்தத் துண்டைப் போட்டவர்களுக்கு ஒவ்வொருவராக எழுதி அழிக்கச் சொல்லிக் கேட்டாள். நான்கு பேர் அழித்தார்கள். மட்டக்களப்புப் பொடியன் பதில் போடவில்லை.

வீடியோ வந்து மூன்றாம் நாள் அவளுக்கு ஒரு செய்தி வந்தது.

"நான் நிப்றாஸ், கிண்ணியா. பேட் அனுப்பினது நான்தான். உண்மையச் சொன்னதுக்கு சந்தோசம். ஒரு உதவி செய்யணும் நீங்க. என்ட வைஃப்புக்கு முதல் வீடியோவும் தெரியா, இதுவும் தெரியா. அவட கையால செஞ்ச சாமான், எங்கட புள்ளட பேரு. தெரிஞ்சா அவ தாங்க மாட்டா. அதால எங்கட விலாசத்த ஆர் கேட்டாலும் சொல்லாதீங்க. ஓடர் வராட்டியும் பரவால்ல."

தயாளினி அந்தச் செய்தியைப் படித்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தாள். பதிலாக முதலில் நீளமாக ஒன்று எழுதினாள், அழித்தாள். உங்களுடைய மனைவிக்குத் தெரியும், நான்தான் போய்ச் சொன்னேன் என்று ஒரு வரி எழுதினாள். அதையும் அழித்தாள். கடைசியில் "ஓம், சொல்ல மாட்டன்" என்று அனுப்பினாள். மனைவிக்குக் கொடுத்த வாக்கும் அதுதான், கணவனுக்குக் கொடுத்த வாக்கும் அதுதான். இரண்டையும் காப்பாற்றுவதற்கு அவள் செய்யவேண்டியது வாயை மூடிக்கொண்டிருப்பது மட்டுமே. அவளுக்கு அது பெரிய தண்டனையாக இருந்தது. யாரிடமாவது கதைத்தால் ஆறும் என்ற நிலையில் ஒருவரிடமும் கதைக்க முடியாமல் இருந்தது. ஜுமானாவிடம்கூட நிப்றாஸின் செய்தியைப் பற்றி அவள் சொல்லவில்லை.

துறைமுக எலி இப்போதும் நடக்கிறது. வருடத்துக்கு ஐந்தாறு வீடியோ. எந்தத் திகதியில் எடுத்தது, மழையா வெயிலா, எத்தனை நாள் பாவித்தது என்பதையெல்லாம் முதலிலேயே சொல்லிவிடுகிறாள். முன்னைய பகிடி இல்லை என்று ஆட்கள் குறை சொல்கிறார்கள். நல்ல பகிடி ஒன்று வாயில் வந்தால் அவள் கமெராவை நிறுத்திவிட்டுக் கொஞ்சம் பொறுத்துத்தான் தொடங்குகிறாள். பெரும்பாலும் அதற்குள் அது மறந்துவிடும்.

சென்ற ஆவணியில் ஜுமானா ஒரு பொதியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். "ராத்தா தந்தா. வீடியோ வேணாவாம். சும்மா பாவிச்சுப் பாக்கட்டாம்."

புதுப் பேட். நூல் வெட்டாமல் மூலைகள் வளைத்துத் தைக்கப்பட்டிருந்தன. பெயர்த் துண்டு இல்லை. தயாளினி அதைப் பதினைந்து நாள் பாவித்தாள். கச்சான் காற்று அடித்த வறண்ட நாட்கள். கொப்பிக் கணக்கு சரியாக இருந்தது. மூலை அசையவில்லை. ஆனால் ஆறாம் நாளே ஒரு குறை தெரிந்தது. மூலை பலமாக இருக்கவேண்டும் என்று நூலை இரட்டிப்பாகப் போட்டதில் விளிம்பு மேடாகிவிட்டது. அதிக நேரம் விளையாடினால் மணிக்கட்டில் உரசி ஒரு சிவந்த கோடு விழுந்தது.

இதை எப்படிச் சொல்வது? நல்லாயிருக்கு என்று ஒரு சொல்லோடு முடித்துவிட அவளுக்கு மிகவும் ஆசையாக இருந்தது. அந்த மனுசியின் தையலில் தான் இன்னொரு குறை சொல்வதா? ஒன்பது நாள் அதை மனதில் வைத்துக்கொண்டு திரிந்தாள். ஒருநாள் வேலை முடிந்ததும், ஸ்கூட்டியைத் துறைமுக மதிலோரம் நிறுத்திவிட்டு, ஜுமானாவிடம் வாங்கிய நம்பருக்கு எடுத்தாள்.

"அக்கா, தயாளினி கதைக்கிறன். பதினைஞ்சு நாள் பாவிச்சனான்."

"சொல்லுங்க."

"துணி நல்லம். மூலை நல்லம். விளிம்பு கொஞ்சம் உயர்ந்து போச்சுது. மணிக்கட்டிலை உரசுது."

மறுபக்கத்தில் மெஷின் ஓடும் சத்தம் நின்றது.

"எந்தப் பக்கத்துல? கைக்குக் கிட்ட இரிக்கிற பக்கமா, முன்னுக்கா?"

"கைக்குக் கிட்ட."

"அந்தப் பக்கத்துக்கு மட்டும் ஒத்த நூல் போட்டா?"

"போட்டுப் பாக்கலாம் அக்கா. அப்பிடிச் செய்தால் உரசாது எண்டுதான் நினைக்கிறன்."

"சரி. அத அவுத்துத் தைச்சித் தாறன். திரும்பப் பாருங்க."

போனுக்குள் தூரத்தில் ஓர் ஆண்குரல் கேட்டது. "ஆரு சுஹைரா, போன்ல?"

"ஜுமானாட கூட்டாளி ஒராள்" என்று சுஹைரா திரும்பிச் சொல்வது தெளிவாகக் கேட்டது. "சட்ட தைக்கணுமாம், அளவு சொல்றா."

தயாளினி போனைக் காதோடு வைத்துக்கொண்டு நின்றாள்.